மச்சானின் ஹெட்போன்

என் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குக் காது போனது எப்படி என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். மாரியம்மன் பண்டிகையில் அதிர்வேட்டு பக்கத்தில் வெடித்துவிட்டது என்பான் ஒருத்தன். எவனோ விட்ட சாபம் என்பான் இன்னொருத்தன். இரண்டும் புளுகு. ரேடியோ செட் வைத்திருந்த மனுஷன், இருபது வருஷத்துக்கு மேல் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் இவ்வளவு சாதாரணமாக நடந்தது என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது.

ஊர் காட்டுப்பாளையம். மல்லசமுத்திரத்துக்கும் வையப்பமலைக்கும் நடுவில், சோளமும் கடலையும் விளைகிற மேட்டாங்காடு. அந்தப் பக்கத்தில் முதன்முதலில் ரேடியோ செட் வாங்கியவர் மச்சான். ஒரு ஆம்பிளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், பனைமரத்தில் ஏற்றிக் கட்ட இரண்டு குழாய், எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்க ஒரு லாரி பேட்டரி. கல்யாணமோ காதுகுத்தோ பண்டிகையோ, மச்சானுடைய மாட்டு வண்டி முதல் நாளே போய் நிற்கும். குழாயில் பாட்டுக் கேட்டால்தான் அது விசேஷ வீடு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்குத் தெரியும்.

அந்த மைக்கால் என் அக்கா பொன்னாத்தாள் பட்ட பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிது. மாரியம்மன் பண்டிகை என்று மச்சான் கோயிலே கதியாகக் கிடக்கிறார். தூக்குப்போசியில் சோறு கொண்டுபோன அக்கா, அவர் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நேரத்துல ஊட்டுக்கு வந்துருங்க. தனியா இருக்கப் பயமா இருக்குது."

மைக் திறந்திருந்தது. இரண்டு குழாயும் அதை நாலு திக்குக்கும் சொல்லின. களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தவர்களும் கேட்டார்கள், கிணற்றில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். அதற்கப்புறம் பல வருஷத்துக்கு, அக்கா தண்ணீருக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் யாராவது ஒரு பொம்பளை "நேரத்துல வந்துருங்க" என்று இழுத்துச் சொல்லிச் சிரிக்காமல் விட்டதில்லை. மாமியார்க்காரி சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டினாள். கட்டின புருஷனிடம் ஒரு பெண் சொல்லக்கூடாத வார்த்தையா அது? எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றோடு சரி, மைக் இருக்கிற திசைப் பக்கம் அக்கா தலைவைத்துப் படுத்ததில்லை.

எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் மச்சான் சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டார் வந்து குறைக்கச் சொன்னால் குறைப்பார், அவர்கள் அந்தப் பக்கம் போனதும் தன்னையறியாமல் கூட்டுவார். பிறகு ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மைக் ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்க்கிறார்கள். அவர் ஆம்பிளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து, மணமக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பெண்ணுக்கு மாமன் ஒருத்தன் வந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அந்தக் கல்யாணத்துக்கப்புறம் யாரும் மச்சானைக் கூப்பிடவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து கலர் விளக்கும் கேசட்டுமாகப் புது செட்டுகள் வந்துவிட்டன. மச்சானுடைய சாமான்களெல்லாம் மாட்டுக் கொட்டகையை ஒட்டின அறைக்குள் போய் அடைந்தன.

காது முழுசாக மந்தமான பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்டு எதிராளியின் முகம் சுளிப்பதைப் பார்ப்பதைவிட அது மேல் என்று நினைத்தாரோ என்னவோ. அவருடைய ஒரே மகள் வசந்தாமணியைப் பனமரத்துப்பட்டியில் கட்டிக்கொடுத்தபோது, அது வண்டியேறும் முன் அப்பன் காதில் என்னமோ சொல்லி அழுதது. அதற்கும் தலையாட்டினார். என்ன சொன்னது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இது தெரிந்த ஊர் இளவட்டங்கள், "உங்க எருமையை ஓட்டிக்கிட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்பார்கள். அவர் சிரித்தபடி தலையாட்டுவார். அதற்கு ஒரு கூட்டம் கைதட்டும். நான் ஊரில் இருந்த சமயம் ஒருத்தனை இதற்காக அறைந்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்குள்ளும் பேச்சு நின்றுபோனது. எழுதிக் காட்டலாம் என்றால் இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. அக்கா கையை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட வரச் சொல்கிறாள். நெற்றியில் இரண்டு விரலை நிறுத்தினால் மாட்டைப் பிடித்துக் கட்டவேண்டும். வானத்தைக் காட்டினால் மழை வருகிறது, காய்கிற கடலையை அள்ளவேண்டும். கன்னத்தில் கைவைத்துச் சாய்த்தால் படுக்கலாம். ஒரு குடும்பத்தின் மொத்தப் பேச்சும் இந்த நாலு சைகைக்குள் முடிந்துவிடும். மற்ற நேரத்தில் அவள் பாட்டுக்கு அவள், அவர் பாட்டுக்கு அவர்.

அவரோடு பேசுகிறவன் நான் ஒருத்தன்தான். எனக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. ஆழ்குழாய்க் கிணறு போட வடநாட்டுப் பக்கம் போனால், அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவோம். கம்ப்ரசர் இரைச்சலில் கத்தியே பேசிப் பழகிய தொண்டை. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசினால் அவருக்குப் பாதி விளங்கும். மூணாவது தோட்டத்துக்காரனுக்கு முழுசாக விளங்கிவிடும். அதனால் எங்களுக்குள் மழை, மாடு, வடக்கத்திச் சாப்பாடு, இதற்குமேல் பேச்சுப் போகாது.

எண்பத்து நாலு ஆடியில் நான் ஊருக்கு வந்தபோது, மச்சான் கொட்டகை அறையில் எலி அடித்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டுப் பெட்டியைப் பூராவும் எலி கடித்துக் குதறியிருந்தது. அதன் அடியில், அக்காவின் பழைய சேலைத் துணியில் சுற்றி, ஒரு சாமான் கிடந்தது. வளைந்த எஃகுப் பட்டை ஒன்று, அதன் இரண்டு முனையிலும் கறுப்பாக, கனமாக ஒவ்வொரு வில்லை, நூல் சுற்றிய ஒயர். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கிய ஹெட்போன் என்றார். குழாய் வாங்க வசதி வரும் முன் அவர் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டது அதில்தானாம். குழாய் வந்த பிறகு அதை யார் தேடப்போகிறார்கள்?

ஆம்பிளிபயரைத் துடைத்து, நான் ஓட்டிவந்த ரிக் கம்பெனி ஜீப்பின் பேட்டரியை வைத்து, குழாய்க்குப் போகிற ஒயரில் ஹெட்போனைக் கோத்தார். எலி விட்டுவைத்த ஒரு ரெக்கார்டின்மேல் முள்ளை வைத்து ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை மெல்லத் திருகினார். திருகிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டார். வாய் தானாகத் திறந்தது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. "முள்ளு கீறுது மாப்ளே," என்றார் என்னைப் பார்த்து. "முள்ளு கீறற சத்தங்கூடக் கேக்குது." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க எலிப் புழுக்கையைக் கூட்டினேன்.

பாட்டு இரண்டு நாளில் அவருக்குச் சலித்தது. பழைய மைக்கை எடுத்து மாட்டினார். அப்புறம்தான் அந்த மனுஷன் ஒரேயடியாகப் பைத்தியமானார். மைக்கை வாசலில் வைத்துக் கோழி சீய்க்கிற சத்தம் கேட்டார். தொட்டிப் பக்கத்தில் வைத்து எருமை தண்ணீர் குடிப்பதைக் கேட்டார். வேப்பமரத்தில் ஆடிக்காற்று அடிப்பதை ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டார். பழைய பேட்டரி ஒன்றை வாங்கி, அது இறங்க இறங்க மல்லசமுத்திரத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார். பிறகு நீளமாக ஒயர் இழுத்து, மைக்கைச் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முன்கட்டு ஆசாரத்தில் ஆம்பிளிபயரோடு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது அதுதான். பொன்னாத்தாள் பேசவேண்டும், அவர் கேட்கவேண்டும்.

அக்கா மைக்கைப் பார்த்தாள். கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டுப் புழக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மைக் நிற்கிற சமையல்கட்டில் அவள் வாய் திறப்பதில்லை. இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள். சட்டியும் கரண்டியும் உரசுவது, வளையல், விறகு வெடிப்பது, எல்லாம் அவருக்குக் கேட்டது. குரல் மட்டும் இல்லை. முன்பாவது காது கேட்கவில்லை என்று இருந்தார். இப்போது கேட்கிற காதை வைத்துக்கொண்டு ஊமை வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவரை ரொம்ப வாட்டியது.

நான் போய்ச் சண்டை பிடித்தேன். இது ஊருக்கெல்லாம் கேட்காது, அவர் காதுக்கு மட்டும்தான் என்றேன். அவள் நம்பவில்லை. ஒயர் என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது போய்த்தான் சேரும் என்றாள். குழாய் இரண்டையும் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டேன். ஒன்றில் வைக்கோல் வைத்து அவளே கோழியை அடைக்கு உட்காரவைத்தாள். அப்போதும் மைக் பக்கம் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன், ஊர்ப் பண்டிகைகளில் நாட்டாமை பண்ணுகிற ஆள், ஒருநாள் மச்சானைப் பார்க்க வந்தான். பேசுங்கள் என்று மைக்கை நீட்டினால் எழுந்து நின்று, துண்டைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். சென்னியப்பன் அவர்கள் நலமாக இருக்க வேண்டுகிறோம்," என்றான். முப்பது வருஷமாக 'வாய்யா போய்யா' என்று பழகியவன். அப்புறம் வந்த ஆம்பளைகள் எல்லோரும் இதே கூத்துதான். மைக்கைக் கண்டால் ஒருத்தன் வாயிலிருந்தும் சொந்தப் பேச்சு வரவில்லை. மச்சான் முதலில் சிரித்தார். பிறகு யார் வந்தாலும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழையபடி தலையாட்ட ஆரம்பித்தார்.

ஆடி முடிகிற சமயம். மச்சான் வையப்பமலை ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவர் நடு ரோட்டை விடவில்லை. கடைசி நேரத்தில் டிரைவர் ஒடித்துத் திருப்பி, பஸ் புளியமரத்தில் உரசிக்கொண்டு நின்றது. சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் போனது. நானும் அக்காவும் ஓடிப்போய்ப் பார்த்தால், டிரைவர் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருக்கிறான், மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா டிரைவரைத் தாண்டிப் போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். ஊர் பார்க்க அவள் அவர் கையைப் பிடித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். மச்சான் வழக்கம்போல ஆசாரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க," என்றாள். "கேக்குதுங்களா?"

மச்சானுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அக்காவுக்கு வெட்கம் வந்து சிரித்தாள். எருமை சினைப்பட்டிருக்கிறது என்றாள். வசந்தாமணி ஆவணியில் வருவதாகச் சொல்லிவிட்டிருக்கிறது என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, காய்ந்த காட்டில் மழை விழுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் நான் ஆம்பிளிபயரைப் பார்த்தேன். அதன் முகத்தில் இருக்கிற சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. சைக்கிள் சக்கரம் போன அன்றைக்குச் சார்ஜுக்கு எங்கே போவது? நான் பார்க்கப் பார்க்க விளக்கு அணைந்தது. எழப்போனேன். மச்சான் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணை அக்காமேல் இருந்து எடுக்கவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து வாய் திறந்தவளை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

அக்கா குனிந்து தணலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அந்த வார்த்தைகளை அந்த வீட்டில் கேட்ட காது என்னுடையது மட்டும்தான்.

"உங்களுக்குக் காது போனதுல இருந்து நானும் பேச ஆளில்லாமத்தான் கெடக்கறேனுங்க. இன்னைக்கு அந்த பஸ்ஸைப் பாத்ததுல இருந்து எனக்கு ஈரக்கொலை நடுங்குது. எனக்கு முன்னாடி நீங்க போயிராதீங்க. இந்த ஊட்டுல என்னால தனியா இருக்க முடியாது. பயமா இருக்குதுங்க. என்னைய அனுப்பிட்டு அப்பறம் வாங்க. செரீங்களா?"

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மச்சான் தலையாட்டினார். நிதானமாக, இரண்டு தரம் ஆட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கின மாதிரி எழுந்துபோய்ச் சோற்றை வடித்தாள்.

மறுநாள் காலையில் பேட்டரியை ஜீப்பில் ஏற்றும்போது, என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வது? பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, சொன்னால் கத்தித்தான் சொல்லவேண்டும். ஒருதரம் அவள் புருஷனிடம் சொன்னதைக் குழாய் ஊருக்குச் சொல்லி, அவள் பட்டது போதாதா? அக்கா வாசலில்தான் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். அவளையே கேளுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்குக் காதில் விழவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோகும்.

அதன் பிறகு அக்கா பேசினாள். தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து உப்பு, பருப்பு, மாடு, மழை என்று பேசினாள். வேறு என்ன வேண்டும்? நான் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் இரண்டு பேரும் கொஞ்சம் சதை போட்டிருந்தார்கள். ஆனால் அந்த ஒரு பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை. அதுதான் சொல்லியாயிற்றே, அவரும் சரியென்றுவிட்டாரே என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தேழு மாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோயும் நிற்கவில்லை. நான் அப்போது மத்தியப் பிரதேசத்தில் ஒரு பொட்டல் காட்டில் இருந்தேன். தந்தி கிடைத்து வந்துசேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. மச்சான் மொட்டைத் தலையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். வசந்தாமணி தன்னோடு வரச்சொல்லி அழுததாம். அதற்கும் தலையாட்டினார், ஆனால் போகவில்லை.

உறவெல்லாம் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். ஆசாரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக் சமையல்கட்டில், சாம்பல் அள்ளாத அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றது. என்ன கேட்கிறது என்று கையால் கேட்டேன்.

"எலி ஓடுது," என்றார். "வேற ஒண்ணுமில்லை." பிறகு அவரே சொன்னார்: "நான் முன்னாடி போயிருக்கோணும் மாப்ளே. அவளாயிருந்தா நாலு பேர்கிட்டப் பேசிப் பொழச்சுக்குவா. காது கேக்காத கெழவனை எதுக்கு வெச்சிருக்குதோ சாமி."

அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, இத்தனை நாளாக என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கத்திச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. எழுந்து ஆம்பிளிபயரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு நன்றாக எரிந்தது. சமையல்கட்டுக்குள் போய், அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ரிக் வண்டிக்காரன் என்பதை மறந்து மெதுவாகச் சொன்னேன். பேட்டரி இறங்கின அன்றைக்கு அவள் பேசியதை, அவள் சொன்னபடிக்கே, பயமா இருக்குது என்றதைக்கூட விடாமல் சொன்னேன். என்னை அனுப்பிவிட்டு அப்புறம் வாருங்கள் என்று கேட்டாள் என்று சொன்னேன்.

மச்சான் தலையாட்டவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு அங்கிருந்தபடியே கேட்டார்.

"அதுக்கு நான் செரீன்னனா?"

"தலையாட்டுனீங்க மச்சான்," என்றேன் மைக்கில். "ரெண்டு தரம் ஆட்டுனீங்க."

"அப்பச் செரி," என்றார்.